கடைசி டோக்கன்

அவள் கையில் எது கிடைத்தாலும் அது பங்காகிவிடும். ஒரு கொய்யாக்காய் கிடைத்தால்கூடப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறோம் என்று முதலில் ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிறகு பாவாடை முனையை அதன்மேல் போட்டு, துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்பாள். காக்காக் கடி எல்லாப் பிள்ளைகளும் கடிப்பதுதான். நான் கடித்தால் பெரிய துண்டு எப்படியோ என் பக்கமே தங்கிவிடும். அவள் கடித்தால் தராசில் நிறுத்த மாதிரி உடையும். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, கையில் மிஞ்சியிருப்பதை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்பாள்.

அவள் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது கிளம்பிப் போய் அவளிடம் விசாரித்து வைப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைத்த பேர் கூறுகாரி. எங்கள் பக்கம் மீனைக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பதைக் கூறு வைப்பது என்பார்கள். அவள் வீட்டில் அதுதான் வழக்கம். உத்திரமேரூருக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் குடிசைகளில் ஒன்று அவளுடையது. நான் காலனிப் பெண். அப்பா கூலி வேலை, அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவள். ஊருக்குள் எங்களுக்கே மரியாதை கிடையாது. அப்படி இருந்தும் ஏரிக்கரைக்காரர்களை நாங்கள் எங்களுக்கு ஒரு படி கீழேதான் வைத்திருந்தோம். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

பள்ளிக்கூடத்தில் பங்கு போட வேண்டியது எது வந்தாலும் வாத்தியார்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சுதந்திர தினத்து மிட்டாய், இலவச நோட்டு, கலர் சாக்பீஸ், எல்லாம். ஒருநாள் சத்துணவில் முட்டை குறைந்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கும்போது பாதி உடைந்துபோயிருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு முட்டை கிடையாது என்று சமையல்கார அம்மா சொல்லிவிட்டார். இவள் போய்த் தையல் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கையில் இழுத்துப் பிடித்து, அவித்த முட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனாள். மஞ்சள் சிதறவில்லை. எல்லார் தட்டிலும் பாதி முட்டை இருந்தது. அவள் தட்டில் மட்டும் நூலில் ஒட்டின வெள்ளையும் கொஞ்சம் சாம்பாரும் இருந்தன. சமையல்கார அம்மா திட்டினார். "எனுக்கு முட்ட அவ்ளோவா புடிக்காது" என்று சொல்லிவிட்டாள். அது பொய். முட்டை என்றால் அவளுக்கு உயிர்.

கணக்கில் அவள் எப்படி என்று சொல்லாமல் விட்டால் பாவம். நான்காவது படிக்கும்போது கணக்கு சார் பலகையில் ஒரு கணக்கு எழுதிப் போட்டார். பன்னிரண்டு மாம்பழத்தை ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை. நாங்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு, மீதி இரண்டு என்று கத்தினோம். அவள் எழுந்து நின்று மீதி வராது என்றாள். வகுப்பே சிரித்தது. சார் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டார். இருக்கிற இரண்டையும் ஐந்தைந்து துண்டாக அறுத்தால் ஆளுக்கு இரண்டு துண்டு, அப்புறம் மீதி எங்கே என்று கேட்டாள். சார் ஒரு நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னம் என்ற பாடத்தை அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. புத்தகத்தில் மீதி என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, அழிப்பானை எடுத்துக்கொண்டார். அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, "மீதின்னு வெச்சா அத்த யாரு துன்றது?" என்று என் காதில் கேட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு அவர்கள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். மழைக்கு முன்னால்தான் திரும்பி வருவார்கள். அத்தனை மாதப் பாடமும் அவளுக்குப் போய்விடும். வந்த வாரத்தில் என் நோட்டை வாங்கிக்கொண்டு போவாள். அடுத்த வாரம் எனக்கே சந்தேகம் தீர்த்து வைப்பாள். கையெல்லாம் களிமண் வெடிப்பு. அந்தக் கையோடு அவள் வடிவியல் படம் போடுகிற நேர்த்தியைப் பார்த்தால் வயிறு எரியும். ஆமாம், எரிந்தது. அப்போது எனக்கு அவள்மேல் இருந்தது பாதி பாசம், பாதி பொறாமை.

ஒரு வருஷம் மழை பொய்த்து, அவர்கள் சூளைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே ஏரித் தண்ணீர் வற்றி முழங்காலளவு சேறாகக் கிடந்தது. அவர்கள் கூட்டமாக இறங்கிக் கையாலேயே தடவித் தடவி மீன் பிடித்தார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் நானும் போனேன். ஒரு மீன்கூட என் கையில் சிக்கவில்லை. சேறுதான் தலைவரைக்கும் அப்பியது. பிடித்து முடித்ததும் கரையில் பழைய சாக்கை விரித்தார்கள். அவளுடைய அம்மா அன்றைக்குக் கூறு வைத்தார். மீனைத் தொடுவதற்கு முன்னால் அவர் ஆளை எண்ணினார். சும்மா வேடிக்கை பார்த்த என்னையும் சேர்த்து எண்ணினார். எண்ணிக்கைக்குத் தக்கபடி குவியல் வைத்து, கெண்டை, கெளுத்தி, குறவை எல்லாம் கலந்து, அங்கிருந்து எடுத்து இங்கே போட்டு, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல வருகிறவரைக்கும் விடவில்லை.

வெளியாள்தான் முதலில் எடுக்க வேண்டுமாம். என்னை எடுக்கச் சொன்னார்கள். எந்தக் குவியலில் பெரிய குறவை இருக்கிறதோ அதைத்தான் என் கை தேடியது. அதற்குப் பிறகு வயசானவர்கள், அப்புறம் தூரத்து வீடுகள், அப்புறம் பக்கத்து வீடு. அவளுடைய அம்மா கடைசி. ஏன் அப்படி என்று கேட்டேன். "கூறு வெக்கிறவ மொதல்ல எட்த்தா கை சும்மா இருக்காது பாப்பா. கடைசில எடுக்கறவளுக்குத்தான் ஒயுங்கா வெக்கத் தெரியும்" என்றார் அவளுடைய அம்மா. அவள் பக்கத்தில் நின்று, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் கடைசியாக எடுத்த குவியல் என்னுடையதற்குக் கொஞ்சமும் குறைவாக இல்லை. ஆளை எண்ணித்தானே வைத்திருந்தார்கள்.

எட்டாவது வந்தபோது பெரிய டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். எங்கள் தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது என்றார். கிராமத்து அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து எடுத்து, ஒன்பதாவதிலிருந்து ஒரு பள்ளியில் தங்க வைத்துப் படிக்க வைப்பார்கள். சோறு, துணி, புத்தகம், நல்ல வாத்தியார், கம்ப்யூட்டர் எல்லாம் அரசாங்கச் செலவு. மேலே காலேஜுக்கும் வழி செய்வார்கள். காகிதத்தில் எங்களுக்கு மீத்திறன் மாணவர் என்று பேர் போட்டிருந்தது. எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்ப் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வேறு ஒரு கேள்விதான் இருந்தது. அங்கே போனால் சூளைக்குப் போக வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் பெரிய டீச்சர். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

பெரிய டீச்சர் நேரே குடிசைக்கே போய் அவளுடைய நைனாவிடம் பேசினார். நைனா என்றால் அவளுடைய அப்பாதான். அந்த வருஷம் பொங்கல் முடிந்து எல்லாரும் சூளைக்குப் போனபோது அவளை மட்டும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். சாயந்திரம் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பழைய கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். எனக்கு வேலையும் ஆளும் கணக்கு சுத்தமாக வராது. இத்தனை ஆள் இத்தனை நாளில் சுவர் கட்டினால் என்று ஆரம்பித்தாலே தலை சுற்றும். அவள் விடையைச் சொல்ல மாட்டாள். "மொத்தமா பாக்காதடி, பயந்துக்குவ. ஒரு ஆளு ஒரு நாளுக்கு இன்னா பண்ணான், அத்த மட்டும் பாரு" என்பாள். தேர்வில் அந்த மாதிரி மூன்று கணக்கு வந்தது. மூன்றையும் போட்டேன். நான் தேறினதில் அவள் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் தேறினோம். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சேர்க்கை, பெற்றோரோடு வர வேண்டும் என்று தகவல் வந்தது. அவளுடைய நைனா சூளையிலிருந்து வந்தார். யாரிடமோ கேட்டு வாங்கின வெள்ளைச் சட்டை, தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் என் அப்பாவும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஊருக்குள் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓரிக்கை தாண்டும்போது பாலாற்றில் வெறும் மணல். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஸ்கூலில் முட்டை தினமும் உண்டா என்று கேட்டாள். உண்டு என்று அடித்துச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும், சந்தோஷத்தில் சொன்னது.

ஹாலில் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் நின்றிருந்தார்கள். பெரிய டீச்சருக்கு வேறு எங்கோ கூட்டம், முடித்துக்கொண்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கிளார்க் கையில் டோக்கன் கட்டோடு வந்தார். வியர்த்து விறுவிறுத்திருந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாராவது இதை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கம்மா என்று பொதுவாகச் சொன்னார். அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் இவள் கை நீண்டுவிட்டது. அந்த எண் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே அப்போது தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

அவள் ஒவ்வொருவரிடமும் போய் எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில். ராஜகுளத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒன்றாம் நம்பர் போயிற்று. காஞ்சிபுரத்துக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனால் எங்களுக்குத் தெரியாத ஊர். கடைசியாகத்தான் வந்தோம், எங்களுக்கா முதல் டோக்கன் என்று அந்தப் பெண்ணின் அம்மாவே ஆச்சரியப்பட்டார். அப்புறம் எங்கள் பக்கத்துக்காரர்கள். மானாம்பதிப் பையன் ஒருவன். அவனுக்குப் பிறகு நான், அவளுடைய சிநேகிதி, பக்கத்து வீடு மாதிரி. கையில் மிஞ்சின கடைசி டோக்கனை அவள் எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரத்தில் இருந்த மனிதர். வந்திருக்கிற எல்லாரும் தேறினவர்கள்தான், மதிப்பெண் வரிசை இன்னும் மேலிடத்திலிருந்து வரவில்லை, இன்றைக்கே சேர்க்கையை முடிக்க உத்தரவு, அதனால் டோக்கன்படி கூப்பிடுகிறோம் என்றார். சீட்டு ஆளை விடக் குறைவு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தேறிவிட்டோம், கூப்பிட்டுவிட்டார்கள், அப்புறம் என்ன கேட்பது?

என் முறை வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். நிதானமாகப் பேர் எழுதுகிறவர், அன்றைக்குக் கிடுகிடுவென்று போட்டார். அதிகாரி கிளார்க்கைப் பார்த்து, இதோடு முடிந்தது, ஒதுக்கீடு அவ்வளவுதான் என்று மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் அவள் மட்டும்தான் நின்றிருந்தாள். அப்பா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். அவளுடைய நைனா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் டோக்கனை மேசைக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். சீட் முடிந்துவிட்டது என்று கிளார்க் சொன்னார். அவர் டோக்கனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினாள்.

பெரிய டீச்சர் அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் ஹாலே அதிரச் சண்டை போட்டார். இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வேறு யாருக்கய்யா இந்தத் திட்டம் என்று கேட்டார். அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இந்த வருஷத்துக்கு இவ்வளவு பிள்ளைகளுக்குத்தான் நிதி வந்திருக்கிறது, ஒருத்தரைக் கூடுதலாகச் சேர்த்தாலும் தணிக்கையில் என் கழுத்துக்குத்தான் கத்தி என்றார். டோக்கனைக் கொடுத்ததே உங்கள் பெண்தான் டீச்சர் என்றும் சொன்னார். பெரிய டீச்சர் அவள் பக்கம் திரும்பி, ஏண்டி கடைசியை எடுத்தாய் என்று கேட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான டீச்சர் குட்த்தேன். குடுக்கறவ எப்டி மொதல்ல எடுப்பா?"

பெரிய டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பாவும் நைனாவும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. வராத கணக்கை யோசிக்கிறபோது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படி இருந்தது முகம். ஊர் நெருங்கும்போது என்னிடம், "ஆள எண்ணாமயாடி கூறு வெப்பாங்க?" என்று கேட்டாள்.  

பெரிய டீச்சர் மனு மேல் மனு போட்டுப் பார்த்தார். அந்தப் பள்ளியில் ஒன்பதாவதில் மட்டும்தான் சேர்ப்பார்கள், அடுத்த வருஷம் வர வழியில்லை என்று பதில் வந்தது. பின்னால் மதிப்பெண் வெளியானபோது எங்கள் எல்லாரையும்விட அவள்தான் மேலே இருந்தாள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை எனக்குச் சொன்னது நான் காலேஜ் முடித்த பிறகு.

நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். முட்டை தினமும் இருந்தது. முதல் லீவில் வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். இன்னா சொல்லிக் குட்த்தாங்க, சொல்லு என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, நான் கற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் சாரே கஷ்டம் என்று விட்டுவைத்திருந்த ஒரு கணக்கைக் காட்டினேன். மண்ணில் குச்சியால் கிறுக்கிக்கொண்டே இருந்தவள், அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குள் முடித்துவிட்டாள். கோடை லீவில் வந்தபோது குடிசை படல் சாத்தியிருந்தது. சூளைக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த கோடையிலும் அப்படித்தான். பிறகு கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறேன். பள்ளி, காலேஜ், மேல்படிப்பு எல்லாம் அரசாங்கக் காசு. இந்தத் திட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வராது, தின்ற சோறு அது. அது இல்லாவிட்டால் நான் இந்நேரம் எங்காவது நாற்று நட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. மூளை இருக்கிறவனுக்குச் செலவு பண்ணினால்தான் நாட்டுக்கு உபயோகம், எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் தேறாது என்று ஒருத்தர் சொன்னார். சொல்லிவிட்டு, இதோ இவங்களைப் பாருங்க, பொறுக்கி எடுத்ததால்தானே வந்தாங்க என்று என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் குனிந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். எப்படிப் பொறுக்கினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

நீ அப்போது குழந்தை, உன் தப்பு என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். தப்பு செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டுத் தொலைக்கலாம். வெட்கம்தான் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது?

சமீபத்தில் ஊருக்குப் போனபோது கடைத்தெருவில் என்னை யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அவள். முன்பல் ஒன்று இல்லை, மற்றபடி அதே சிரிப்பு. "இன்னாடி, கண்ணு தெரியலியா? வூட்டுக்கு வா" என்று விடாமல் கூட்டிக்கொண்டு போனாள். குடிசை இருந்த இடத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒரு சிறிய தளம் போட்ட வீடு. நாற்காலி இல்லை. சுவரோரம் இருந்த தகரப் பெட்டியின் மேல் ஒரு புடவையை மடித்து விரித்து, குந்து என்றாள். உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

அவளுக்கு ஒரு பெண், ஐந்தாவது படிக்கிறாள். கணக்கில் எப்படி என்று கேட்டேன். "என்னாட்டம் கீது" என்றாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது. அந்த ஸ்கூலில் இப்போது எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அங்கே நான்கு வருஷம் சோறு தின்றவள், இந்த ஒரு விவரம்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அப்போதுதான், இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த டோக்கன் உன்னுடையது, நான் போன இடம் உன்னுடையது என்றேன்.  அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முழங்கையால் என்னை இடித்துச் சிரித்தாள்.

"அய்ய, அத்த இன்னும் நெனச்சிக்கினா கீற? நான் போயிருந்தா ரெண்டே நாள்ல அய்துகினு ஓடியாந்திருப்பேன்டி. வூட்ட வுட்டு எனுக்கு இருக்கவே முடியாது. ஹாஸ்டல் எல்லாம் உனுக்குத்தான் சரி. எனுக்கு அப்பவே அந்த ஆச கெடையாது."

இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? நெஞ்சின் மேல் இருந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. ஆமாம், அவளுக்கு ஆசையே இல்லை, நான் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆமாடி, அந்த ஹாஸ்டலில் முதல் மாதம் நான்கூட அழுதேன் என்று சொல்லிச் சிரித்தேன். எனக்கு டீ இனித்தது. இப்படிச் சந்தோஷமாக அவள் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். யூனிபார்மை மாற்ற வேண்டும். "அத்தே, செத்த எந்திரிங்க, துணி பொட்டில கீது" என்றாள். நான் டம்ளரோடு எழுந்தேன். அவள் அம்மா சட்டென்று, அப்புறம் எட்த்துக்கோ என்று மகளை அதட்டினாள். அதற்குள் பெண் மடித்த புடவையை இழுத்துவிட்டாள்.

பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தது. ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகள் பெட்டிகள் மாறிப் போகாமல் இருக்கக் கடைத்தெருவில் கொடுத்து எழுதி வாங்குவோமே, அந்த எழுத்து. அவள் பேர். அதற்குக் கீழே, ஒன்பதாம் வகுப்பு. அதற்கும் கீழே நான் படித்த பள்ளியின் பேர். காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அவளுடைய நைனா வாங்கி, எழுதி, வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் அதைப் படிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.  பெண் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் மூடியைச் சாத்தி, புடவையை மறுபடி நான்காக மடித்து, எழுத்து தெரியாமல் அதன்மேல் விரித்தாள். கையால் இரண்டு தடவை தட்டிச் சமன் செய்தாள்.

"குந்துடி, டீ ஆறுது" என்றாள்.

நான் நின்றுகொண்டே குடித்தேன்.